கையக்காவின் மெத்தை

“உள்ளங்கை கீழே, புறங்கை மேலே. விரலை மடக்காதே தம்பி, நீட்டி வை. வச்சாச்சா? இப்ப நட.”

கழுதை நடக்கிறது. அதன் முதுகு மேட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் வலது கையைச் செருகிக்கொண்டு, சொந்தக்காரன் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி கூடவே நடக்கிறான். சட்டத்தின் இரு பக்கமும் சேர்த்து முப்பது பச்சைக் கல். சுடாத கல்லுக்குக் கனம் அதிகம். மூன்றாவது அடியில் அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விடுகிறது. ஐந்தாவது அடியில் உதட்டைக் கடிக்கிறான்.

“போதும்க்கா.”

“இன்னும் ஏழு அடி இருக்கு.”

“எலும்பு நொறுங்குதுக்கா.”

“நொறுங்காது. நான் நூறு தடவை வச்சுப் பார்த்திருக்கேன். ஆறு. பேசாம நட.”

பன்னிரண்டாவது அடியில் நிறுத்தச் சொல்கிறாள். அவன் கையை உருவி உதறுகிறான். புறங்கையில் சட்டத்தின் விளிம்பு பதிந்து வெள்ளையாக ஒரு கோடு. அவள் அதைப் பார்ப்பதில்லை. கழுதையின் முதுகில் அதே அகலத்துக்கு ரோமம் உதிர்ந்து, ஈரமாகக் கிடக்கும் இன்னொரு கோட்டைப் பார்க்கிறாள். அவனும் பார்க்கிற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. அவளுடைய பிரச்சாரம் மொத்தமும் இவ்வளவுதான்.

ஆற்றோரமாக வரிசையாய் இருக்கும் பதினொரு செங்கல் சூளைகளிலும் அவளுக்குக் கையக்கா என்று பெயர். கல் சுமக்கும் கழுதைகளின் சொந்தக்காரர்களில் அவள் சொல்லிக் கையை வைக்காத ஆள் அநேகமாக இல்லை. எட்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் விரட்டினார்கள். “எங்கப்பன் காலத்துலேருந்து கழுதை சுமக்குது. உனக்கென்ன, நீயா சுமக்குற?” என்று ஒருவன் கேட்டான். “இல்ல, நீயும் சுமக்கல. அதான் ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்” என்றாள். கிழவர் ஒருவர் பன்னிரண்டு அடியும் வாய் திறக்காமல் நடந்துவிட்டு, கையை எடுத்து, அடுத்த கையையும் வைத்துப் பார்த்தார். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு கிழிந்த போர்வையைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டுவிட்டுப் போனார்.

அவள் இந்த வேலைக்கு வந்தது இரக்கத்தால் என்று சொல்ல முடியாது. எரிச்சலால் வந்தாள். பேருந்து இருக்கைகளுக்கு உறையும் மெத்தையும் தைக்கிற பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். விலங்கு நலச் சங்கத்தின் பழைய வேனுக்கு இருக்கை மாற்ற ஒரு நாள் போனபோது, முற்றத்தில் முதுகு கிழிந்த கழுதை ஒன்று மருந்துக்காக நின்றிருந்தது. பக்கத்தில் அதன் சட்டமும், சட்டத்துக்கு அடியில் போட்டிருந்த சாக்குத் துணியும் கிடந்தன. அந்தத் துணியைக் காலால் புரட்டிப் பார்த்தாள். “யார் தைச்சது இதை? இது மெத்தையா? இதைத் தைச்சவன் கையை உடைக்கணும்” என்றாள். சங்கத்துச் செயலாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “நீங்க தைப்பீங்களாம்மா?” என்று கேட்டார்.

அவள் தைக்கிற மெத்தையில் இரண்டு அடுக்குக் கம்பளி, நடுவில் வைக்கோல், மேலே முரட்டுக் கித்தான். மையத்தில் நீளவாக்கில் நாலு விரல் அகலத்துக்கு ஒன்றுமே வைக்க மாட்டாள். முதுகெலும்பு அந்தப் பள்ளத்தில் யாரும் தொடாமல் ஓடும். பாரம் இரண்டு பக்கச் சதையிலும் உட்காரும். கோணி ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவைத்துக்கொண்டே சூளைகளுக்கு நடந்துபோவாள். சங்கம் அச்சடித்துத் தந்த துண்டறிக்கைகளில் கழுதை சிரிக்கிற மாதிரி ஒரு படம் இருக்கும். அவற்றை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. ஒட்டிச் சேர்த்து, மெத்தைக்கு அளவு வெட்டும் காகிதமாக வைத்திருக்கிறாள். செயலாளருக்கு இது தெரியும். கேட்டதில்லை.

கழுதையை அவள் தடவிக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை. உண்மையில் அவளுக்குக் கழுதை என்றால் பயம். இடது முழங்காலுக்குக் கீழே உதை வாங்கிய பள்ளம் இன்னும் இருக்கிறது. தோளோரமாக மட்டும் நிற்பாள். பின்பக்கம் போக வேண்டியிருந்தால் நாலு ஆள் தள்ளிச் சுற்றிப் போவாள். சொந்தக்காரனிடம் முதலில் கேட்பது அவன் முதுகைப் பற்றித்தான். “ராத்திரி புரண்டு படுக்க முடியுதா? எந்தப் பக்கம் பிடிக்குது?” அதற்குப் பதில் வந்த பிறகுதான் கழுதையின் பக்கம் திரும்புவாள்.

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி ஒரு முறை கூட்டத்தில் எழுந்து, “மெத்தை குடுக்கிறதே தப்புங்கம்மா. கழுதை சுமக்கவே கூடாது. அதுதான் அதோட உரிமை” என்றாள். எல்லோரும் கையக்காவைப் பார்த்தார்கள். அவள் வாயில் நூல். நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, “நீ சொல்றது சரிதான் கண்ணு. அது என்னைக்குன்னு சொல்லு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அதுங்க முதுகுல கல்லு ஏறுது, அதுக்குத்தான் நான் தைச்சிட்டிருக்கேன்” என்றாள். அன்றைக்கு அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

பெரிய சூளையில் இரண்டு வருஷத்துக்குள் முப்பத்தெட்டுக் கழுதைகளுக்கும் மெத்தை வந்துவிட்டது. புண் குறைந்தது. பிறகு அறவே இல்லாமல் போனது. மருந்துப் பெட்டியை வேனிலிருந்து இறக்காமலே திரும்பிப் போகிற நாட்கள் வந்தன. மெத்தை போட்ட கழுதைக்குக் கை வைத்துப் பார்ப்பதை அவள் நிறுத்திவிட்டாள். வலிக்காத இடத்தில் கையை வைத்து எதைக் காட்டுவது? வரிசையாக நிற்கும் கழுதைகளின் மெத்தை ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாள், தையல் விட்டிருந்தால் போடுவாள், அடுத்ததற்குப் போவாள். கல்லைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

மழைக்காலத்துக்கு முந்திய மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, நெட்டையனின் பெரிய கழுதை வரிசையில் இல்லை. நெட்டையன் என்பது ஆறடிக்கு மேல் வளர்ந்து, கூச்சத்தால் எப்போதும் கூன் போட்டு நிற்கும் ஒருவன். அவனிடம் இரண்டு கழுதைகள்.

“பெரியது எங்கே தம்பி?”

“நேத்து சூளை வாய்க்கு ஏறுற சரிவுல விழுந்துருச்சுக்கா. முன்னங்கால் ரெண்டும் போச்சு. மத்தியானம் வரைக்கும் உசிரு இருந்துச்சு.”

சூளைக்குப் பின்னால் சாம்பல் கொட்டும் இடத்தில் சாக்கு போட்டு மூடிவைத்திருந்தான். கூடவே வந்து, அவள் கேட்காமலே சாக்கை விலக்கினான். முதுகைக் காட்டினான்.

“பாருங்கக்கா. ஒரு கீறல் கிடையாது. நீங்க தைச்சதுதான். உங்க மேல குத்தமே இல்ல.”

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். அவள் குனிந்து அந்த முதுகில் கை வைத்தாள். ரோமம் அடர்த்தியாக முளைத்து, ஒரு பக்கமாக வழவழவென்று படிந்திருந்தது. கன்றுக்குட்டியின் முதுகு மாதிரி இருந்தது. எட்டு வருஷமாக இப்படி ஒரு முதுகுக்குத்தான் ஆசைப்பட்டாள்.

விழுந்த இடத்தில் கற்கள் சரிவெங்கும் சிதறிக் கிடந்தன. மற்றக் கழுதைகள் அவற்றைச் சுற்றி வளைந்து ஏறிக்கொண்டிருந்தன. வழியில் கிடக்கிறதே என்று அவள் பொறுக்கி ஓரமாகப் பத்துப் பத்தாக அடுக்கத் தொடங்கினாள். பட்டறைக் கை, எதையும் எண்ணாமல் அடுக்காது. நாலு அடுக்கு முடிந்தும் கல் மிச்சமிருந்தது. நாற்பத்து நாலு.

“இதுல வேற யாரோட கல்லும் கலந்திருக்கா?”

“இல்லக்கா. எல்லாம் நம்மதுதான்.”

“முப்பதுதானே ஏத்துவே?”

“அது முன்னே. இப்ப எல்லாருக்கும் நாப்பத்தி நாலுதான்.”

“எப்பலேருந்து?”

நெட்டையன் சற்று யோசித்தான். அவள் எதற்குக் கேட்கிறாள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

“மெத்தை வந்ததுலேருந்துக்கா. முன்னே முப்பத்தஞ்சு ஏத்தினாலே புண்ணு வந்து நின்னுரும். இப்ப தாங்குதுல்ல.”

அவள் ஏறிவந்த அடுத்த கழுதையை நிறுத்தச் சொல்லி, மெத்தைக்கு அடியில் தன் கையைச் செருகினாள். ஓட்டிவந்தவன் சிரித்துக்கொண்டே, “என்னக்கா, புதுசா மறுபடியும்?” என்றான். நடக்கச் சொன்னாள். பன்னிரண்டு அடி. வலிக்கவில்லை. இருபது அடி. சரிவு பாதி ஏறியாகிவிட்டது. புறங்கையின்மேல் கம்பளி பதமாக உட்கார்ந்திருந்தது. யாரோ பிரியமாகப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. உள்ளங்கையில்தான் வேறு ஏதோ நடந்தது. கழுதை ஒவ்வொரு காலாக ஊன்றும்போதும் அதன் தோலுக்கு அடியில் சதை நடுங்கியது. கால் எடுத்துவைத்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. மூடியிட்ட பானை கொதிக்கிற மாதிரி உள்ளேயே அதிர்ந்துகொண்டிருந்தது. எத்தனையோ முறை கை வைத்திருக்கிறாள். எப்போதும் புறங்கைக்கு என்ன ஆகிறது என்றே கவனித்திருக்கிறாள்.

அங்கிருந்து சூளை மேஸ்திரியின் அறைக்குப் போனாள். மேசைமேல் வெந்த கல் ஒன்று காகிதங்களுக்குப் பாரமாக இருந்தது. அவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். உங்க மெத்தை பிரமாதம்க்கா. பக்கத்துச் சூளைக்காரன் பொறாமைப்படுறான். இன்னும் ஒரு இருபது தைச்சுக் குடுங்களேன், அடுத்த மாசம் புதுக் கழுதைங்க வருது.”

“முப்பதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லணும்.”

“நான் ஏத்தச் சொல்லலையேக்கா. அவனுங்களா ஏத்துறானுங்க. ஒரு நடை மிச்சமாகுதுன்னு.”

“நீங்க ஒண்ணும் சொல்லாமலா ஏத்துறாங்க?”

“மழைக்கு முன்னால சூளை நிரம்பணும்னு சொன்னேன். அது சொல்லித்தானே ஆகணும்?” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, நிஜமாகவே தெரியாதவராகக் கேட்டார்: “புண்ணுதான் இல்லையே, அப்புறம் எதுக்குக் குறைக்கணும்?”

இதே கேள்வியைத் தொலைபேசியில் செயலாளரும் கேட்டார், கொஞ்சம் வேறு மாதிரி. ஆண்டு அறிக்கையில் ‘பெரிய சூளையில் புண்ணுள்ள கழுதை ஒன்றுகூட இல்லை’ என்று அச்சாகிவிட்டது. “அது உண்மைதானேம்மா?” என்றார். “உண்மைதாங்க” என்றாள். அதோடு இரண்டு பேரும் வைத்துவிட்டார்கள்.

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் இயந்திரம் பார்த்து ஓய்வுபெற்றவர். சாயங்காலம் கதவோரம் உட்கார்ந்து பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, திருப்புளியைக் கீழே வைக்காமல் சொன்னார்:

“பஸ்ல நல்ல சீட்டு போட்டா முதலாளி என்ன செய்வான்? நடுவுல இன்னொரு வரிசை போடுவான். இருபத்திரண்டு வருஷம் பார்த்தவதானே நீ?”

“பஸ்ல இருக்கிறவன் இடிச்சா இறங்கிப் போயிருவான். கழுதை எங்கே இறங்கும்?”

“அதைத்தான் சொல்றேன்.”

“ஜோக்கடிக்காதீங்க.”

“நான் எங்கே ஜோக்கடிச்சேன்” என்றார் அவர். பிறகு, அவள் முகத்தைப் பார்த்து, விசிறியை நகர்த்திவைத்துவிட்டு, தைத்து முடிக்காமல் கிடந்த நாலு மெத்தைகளைச் சுவரோரமாக அவள் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவைத்தார்.

மூன்று நாள் அவள் ஊசியைத் தொடவில்லை. மெத்தைகளையெல்லாம் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள். வாங்கினால் புண் வரும். புண் வந்தால் கல்லைக் குறைப்பார்கள். இந்தக் கணக்கு ஒரு கணம் சரியாக வருவதுபோல இருந்தது. ஒரு கழுதையின் முதுகு கிழிய வேண்டும் என்று தான் காத்திருக்கப்போகிறோம் என்பது அடுத்த கணம்தான் உறைத்தது. அதுவுமில்லாமல், மெத்தை போனாலும் நாற்பத்து நாலு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். சூளை நாற்பத்து நாலுக்குப் பழகிவிட்டது. மேஸ்திரி சொல்லவில்லை, சொந்தக்காரர்கள் சொல்லவில்லை. யாரும் சொல்லாத ஒரு எண் எல்லோர் தலைமேலும் உட்கார்ந்திருந்தது. அதை ஒவ்வொருவனிடமாகப் போய்த்தான் இறக்க வேண்டும். முதல் வருஷம் மாதிரி.

வெள்ளிக்கிழமை காலையில் கல் காயவைத்திருக்கும் களத்துக்குப் போனாள். நெட்டையன் ஒற்றைக் கழுதையோடு நின்றுகொண்டிருந்தான். சின்னது, ஒல்லியான பெட்டை. இறந்துபோன பெரியதன் மெத்தையை அதன்மேல் போட்டிருந்தான். அது இரண்டு பக்கமும் தொங்கியது.

“நல்ல வேளை வந்தீங்கக்கா. இதைக் கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்க. இனிமே இது ஒண்ணுதான், ரெண்டு கழுதை வேலையும் பார்க்கணும்.”

அவள் மெத்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஓரத்தைப் பிரித்து, வைக்கோலை உருவி, மடித்துத் தைத்தாள். அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊசி போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தைத்து முடித்ததும் அவளே எழுந்து கழுதைமேல் போட்டு, சட்டத்தை வைத்து, வயிற்றுக்கு அடியில் போகும் வாரை இறுக்கினாள். அவன் கல் ஏற்றினான். நாற்பத்து நாலு. கழுதை கால்களை அகட்டிவைத்துக்கொண்டது.

“கை வை தம்பி.”

“இப்ப வலிக்காதுக்கா.”

“வலிக்காது. மேல் பக்கத்தை விடு. உள்ளங்கைல என்ன இருக்குன்னு பார்.”

அவன் சிரித்துக்கொண்டே கையை விட்டான். நடந்தார்கள். அவள் அடிகளை எண்ணவில்லை. வரிசையில் பின்னால் நின்றவன் ஒருவன், “என்னடா நெட்டை, கழுதையோட கைகோத்துக்கிட்டு எங்க கிளம்பிட்ட?” என்று கத்தினான். ரெண்டு பேர் சிரித்தார்கள். நெட்டையனும் சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு பாதியில் நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டான், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதைக் கேட்கிறவன் மாதிரி. இன்னும் நாலு அடி நடந்தான். சரிவு தொடங்கும் இடத்தில், யாரும் சொல்லாமல், அவனே கழுதையை நிறுத்தினான்.

“எப்பவும் இப்படித்தான் இருக்குமாக்கா?”

“ஏத்தியிருக்கிற வரைக்கும்.”

“பெரியதுக்கும் இருந்திருக்கும்.”



அவன் கையை உருவி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு கல்லை இறக்கத் தொடங்கினான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பதினாலு கற்கள். பின்னால் வரிசை நின்றுவிட்டது. சூளை வாயிலிலிருந்து மேஸ்திரி நெற்றியில் கைவைத்து இந்தப் பக்கம் பார்த்தார். “என்னப்பா அங்கே?” என்று குரல் கொடுத்தார். சிரித்தவர்கள் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நெட்டையன் இறக்கிய கல்லையும் சரிவையும் மாறிமாறிப் பார்த்தான். வடக்கே மேகம் திரண்டிருந்தது. அவன் குனிந்து ஒரு கல்லை எடுத்துத் திரும்பச் சட்டத்தில் வைத்தான். அந்தப் பக்கம் ஒன்று வைத்தான். இன்னும் இரண்டு. அவளைப் பார்க்கவில்லை.

“மழை வந்துரும்க்கா. நாளைக்குக் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம்னு குறைச்சுக்கிறேன்.”

சொல்லிக்கொண்டே ஐந்தாவது கல்லை எடுத்தான். எடுத்த கை சட்டத்துக்குப் போகிற வழியில் நின்றது. கையக்கா அவனுக்கும் கழுதைக்கும் நடுவில் வந்து நின்றிருந்தாள். திட்டவில்லை, தடுக்கவுமில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து அவன் முன்னால் நீட்டியிருந்தாள்.

அவன் அந்தக் கல்லை அவள் கையில் வைத்தான். கழுதையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தான். கழுதை சரிவில் ஏறியது. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனார்கள். மேலே ஏறிப் போய், கழுதை சூளை வாயிலுக்குள் நுழைந்து மறைகிற வரைக்கும், கல்லைக் கீழே வைக்காமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.